'கரன்ட் பில் ஜீரோ' ஆசையும் ஓடந்துறை கணக்கும்

போன மாசம் காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். நம்ம வீடியோ எல்லாம் பார்ப்பவர். கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை, கையில் வரும் சம்பளம் 28,000. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்.

"அண்ணா, மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போடச் சொல்றாங்க. மொத்தம் 1,98,000. மானியம் 78,000 போக 1,20,000 லோன். இனிமே கரன்ட் பில் ஜீரோன்னு சொல்றாங்க. கையெழுத்துப் போடட்டுமா?"

"இப்போ பில் எவ்வளவு கட்டுறீங்க தம்பி?"

"அது... அம்மாதான் கட்டுவாங்க. வெயில் காலத்துல மட்டும் என்கிட்ட வாங்குவாங்க."

இந்த பதிலில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பாவுக்கு வருமானம் இருக்காது. கரன்ட் பில் எகிறுவதும் அதே வெயில் மாதங்களில்தான். அந்த நேரத்தில் வீட்டுக்கு இவர் சம்பளம்தான் எல்லாம். ஏற்கெனவே பைக் இ.எம்.ஐ. ஓடுகிறது. அதன் மேல் இன்னொரு இ.எம்.ஐ. ஏற்றலாமா என்பதுதான் உண்மையான கேள்வி.

அவருக்கு நான் உடனே ஆமாம், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு மலையடிவார ஊராட்சியின் கதையைச் சொன்னேன். மின்சாரத்துக்காகக் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைத்தும் காட்டிய ஊர் அது. உங்களுக்கும் அதைச் சொல்கிறேன். அதற்கப்புறம் தம்பி வீட்டு பில்லுக்கு வருவோம்.

ஓடந்துறை என்ன செய்தது?

மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி ரோட்டில், நீலகிரி மலை அடிவாரத்தில் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. கோயம்புத்தூர் மாவட்டம். 1996-ல் ஆர். சண்முகம் அங்கே ஊராட்சித் தலைவரானார். குடிநீர் மோட்டார், தெரு விளக்கு என்று வசதிகள் கூடக் கூட, ஊராட்சியின் கரன்ட் பில்லும் கூடியது. ஆரம்பத்தில் மாதம் 2,000 ரூபாய் மாதிரி இருந்த பில், சில வருடங்களில் 50,000 வரை போனது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

வருமானம் கூடாமல் செலவு மட்டும் கூடினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஊராட்சியும் ஒரு குடும்பம் மாதிரிதான்.

அவர்கள் எடுத்த உடனே காற்றாலை வாங்கப் போகவில்லை. இதை கவனியுங்கள். முதலில் சில தெருக்களுக்கு சோலார் விளக்கு வைத்தார்கள். 2003 வாக்கில், குடிநீர் மோட்டார் ஓட்ட 9 கிலோவாட் திறனுள்ள ஒரு சின்ன இயந்திரம் போட்டார்கள். மரக்கழிவை எரித்து அதிலிருந்து வரும் வாயுவில் ஓடுவது அது. அந்த மோட்டாருக்கான செலவு நன்றாகக் குறைந்தது. எது அதிகம் கரன்ட் குடிக்கிறது என்று பார்த்து, அங்கே முதலில் கை வைத்திருக்கிறார்கள்.

அதற்கப்புறம்தான் 2006-ல் பெரிய வேலை. 350 கிலோவாட் காற்றாலை ஒன்று, விலை சுமார் 1.55 கோடி. ஊராட்சியின் சேமிப்பிலிருந்து 40 லட்சம், வங்கிக் கடன் 1.15 கோடி. அதாவது கிட்டத்தட்ட 26 சதவீதம் சொந்தப் பணம். நாம் வீட்டுக்கடனுக்கு டவுன் பேமென்ட் கட்டுவது போலத்தான்.

காற்றாலை ஓடந்துறையில் இல்லை என்பது இன்னொரு சுவாரஸ்யம். அது சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தப் பக்கம்தான் நன்றாக வீசும். 'நம்ம ஊர்லதான் நிக்கணும்' என்று கௌரவம் பார்க்காமல், காற்று எங்கேயோ அங்கே போய் நட்டார்கள். வரும் மின்சாரம் மின்வாரிய கம்பிக்குப் போகும்.

ஆண்டுக்கு சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி. ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். வருமானமாகப் பார்த்தால் ஆண்டுக்கு சுமார் 19 லட்சம் ரூபாய் என்று அப்போதைய செய்திகளில் வந்தது.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். வட்டி 8.5 சதவீதம் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். 1.15 கோடிக்கு முதல் வருட வட்டி சுமார் 9.8 லட்சம். வருமானம் 19 லட்சம். வட்டி போக 9 லட்சத்துக்கு மேல் அசலுக்கே போகும். இந்த வேகத்தில் சுமார் 9 வருடத்தில் கடன் முடிந்துவிடும். கடனை ஊராட்சி அடைத்தும் முடித்தது. காற்றாலையே தன் இ.எம்.ஐ.யைக் கட்டியது. ஊர் மக்களின் தலையில் அது ஏறவில்லை.

வரி மிச்சமே இல்லாத காற்றாலை

ஒரு ஆடிட்டராக எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் நிறைய கம்பெனிகள் காற்றாலை வாங்கின. காரணம், முதல் வருடமே 80 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம் என்ற வருமான வரிச் சலுகை. லாபம் அதிகமாக வந்த வருடம், மார்ச்சுக்குள் ஒரு காற்றாலை வாங்கினால் வரி குறையும். காற்று நன்றாக வீசுமா என்பது இரண்டாவது கேள்விதான்.

ஊராட்சிக்கு வருமான வரியே கிடையாது. அதனால் இந்தச் சலுகையில் அதற்கு ஒரு ரூபாய்கூட லாபம் இல்லை. எவ்வளவு யூனிட் ஓடும், யூனிட்டுக்கு என்ன விலை, இ.எம்.ஐ. எவ்வளவு என்று மட்டும்தான் அவர்கள் பார்க்க முடியும். அப்படிப் பார்த்தும் கணக்கு சரியாக வந்தது, அதனால் வாங்கினார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? பிப்ரவரி மாசம் ஹெச்.ஆரிடமிருந்து மெயில் வந்ததும், 80சி-க்காக ஏதோ ஒரு இன்சூரன்ஸ் பாலிசியில் கையெழுத்துப் போடுகிறோம். நானும் முதல் வேலையில் இருந்தபோது அப்படி ஒன்று வாங்கியிருக்கிறேன். நான்காவது வருடம்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன், வருத்தப்பட்டேன். மானியம், வரிச் சலுகை இதெல்லாம் சாம்பாரில் போடும் பெருங்காயம் மாதிரி. பருப்பே இல்லாமல் பெருங்காயத்தை மட்டும் வைத்து சாம்பார் வைக்க முடியாது. சலுகையை எடுத்துவிட்டாலும் கணக்கு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போ காசிமேட்டு வீட்டுக்கு வருவோம்

தம்பியிடம் ஒரு வருட பில்லையும் எடுத்து வரச் சொன்னேன். சாதாரண நாட்களில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட். வெயில் காலத்து இரண்டு பில் மட்டும் 560 யூனிட்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். அதற்குப் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது. உங்கள் பில்லில் இருக்கும் இன்றைய விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

அந்தக் கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.25, அடுத்த 200-க்கு 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.50 ஆகிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாயில் ஆரம்பிக்கும்.

அதாவது 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! இது தெரியாமலேயே எத்தனையோ வீடுகளில் பில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

தம்பி வீட்டுக் கணக்கு இது:

420 யூனிட் பில் 1,245 ரூபாய், வருடத்துக்கு நான்கு முறை. 560 யூனிட் பில் 2,430 ரூபாய், இரண்டு முறை. மொத்தம் வருடத்துக்கு 9,840 ரூபாய்.

1,20,000 லோன், 7 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் இ.எம்.ஐ. மாதம் சுமார் 2,376. வருடத்துக்கு சுமார் 28,500.

சோலார் போட்டு பில் முழுக்க ஜீரோவே ஆனாலும் மிச்சம் 9,840தான். அதற்கு வருடம் 28,500 கட்ட வேண்டும். வட்டியோடு போட்ட பணம் திரும்பி வர 14 வருடத்துக்கு மேல் ஆகும். 'பில் ஜீரோ' என்று அவர்கள் சொன்னது பொய் இல்லை. இ.எம்.ஐ. ஜீரோ என்று யாரும் சொல்லவில்லையே!

இன்னொன்று, மானியம் முதலிலேயே கைக்கு வராது. சிஸ்டம் போட்டு, நெட் மீட்டர் வைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகைக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

சரி, என்ன செய்யலாம்?

ஓடந்துறை போன வரிசையிலேயே போகலாம். முதலில் எது அதிகம் குடிக்கிறது என்று பார்த்தோம். அந்த வீட்டில் மூன்று பழைய சீலிங் ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடுகிறது. பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் சுமார் 30 வாட்தான். ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் சுமார் 38 யூனிட் குறையும். மூன்றுக்கும் சேர்த்து சுமார் 113 யூனிட்.

560 என்பது 447 ஆகும். பில் 2,430-லிருந்து 1,407. தடைக்காலத்தை ஒட்டி வரும் அந்த பில்லில் மட்டும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். 420 என்பது 307 ஆகும், பில் சுமார் 707. வருடத்துக்கு மொத்தம் சுமார் 4,200 ரூபாய் மிச்சம். ஃபேன் ஒன்று 2,800 என்றால் மூன்றுக்கும் 8,400. இரண்டே வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். லோனும் வேண்டாம், மாடியும் வேண்டாம்.

அதற்கப்புறம் ஆசை இருந்தால் 1 கிலோவாட் சோலார். சுமார் 70,000 விலையில் மானியம் 30,000 போக 40,000. ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் வரும். ஃபேன் மாற்றிய பிறகு இதில் வருடத்துக்குச் சுமார் 5,100 மிச்சமாகும். எட்டு வருடத்தில் பணம் திரும்பும். பைக் லோன் முடிந்த பிறகு, மாசாமாசம் சேர்த்து வைத்து வாங்கலாம். ஒன்றும் அவசரம் இல்லை.

காசிமேடு மாதிரி கடலோர வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. உப்புக்காற்றில் பைக் சைலன்சரே என்ன ஆகிறது என்று பார்க்கிறோம். பேனல் நிற்கும் இரும்பு ஸ்டாண்ட் நல்ல துத்தநாகப் பூச்சு உள்ளதா, வாரண்டியில் துரு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். மாடி சித்தப்பா, பெரியப்பாவோடு பங்கில் இருந்தால் அவர்கள் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும்.

அப்போ சோலார் வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. இதே 3 கிலோவாட்டை, இரண்டு ஏ.சி. ஓடும், 800 யூனிட் ஆகும் வீட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே பில் 4,550. சோலாரில் சுமார் 720 யூனிட் வரும். மீதி 80 யூனிட் இலவசத்துக்குள் அடங்கிவிடும். வருடத்துக்கு 27,300 மிச்சம், கிட்டத்தட்ட இ.எம்.ஐ. அளவுக்கே. நாலரை வருடத்தில் அசல் வந்துவிடும். அந்த வீட்டுக்காரர் யோசிக்காமல் போடலாம்.

பேனல் ஒன்றுதான், மானியமும் ஒன்றுதான். பில் வேறு, அதனால் பதிலும் வேறு. இலவசமாக வரும் யூனிட்டையும் சேர்த்து ஈடுகட்டுகிற அளவுக்குப் பெரிய சிஸ்டம் வாங்கினால், அந்தப் பங்கு பணம் வீண்தான்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

நம்ம வாசகர்களில் பாதிப் பேர் இப்படித்தான். சப் மீட்டர், யூனிட்டுக்கு 8 ரூபாய், இலவச யூனிட் எல்லாம் ஓனர் கணக்கில். உங்களுக்கு ஒரு யூனிட் குறைந்தால் முழுசாக 8 ரூபாய் மிச்சம். ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 300 ரூபாய். ஒன்றரை வருடத்தில் ஃபேன் விலை வந்துவிடும், வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம். பழைய ஃபேனைப் பத்திரமாக வைத்திருந்து திரும்ப மாட்டிவிடுங்கள், அட்வான்ஸில் பிடிக்காமல் இருக்க!

ஓடந்துறைக்காரர்கள் நூறு கிலோமீட்டர் தள்ளி முதலீடு செய்தார்களே என்று, 'உங்கள் பெயரில் எங்கோ சோலார் போடுகிறோம், மாதம் இவ்வளவு உறுதி' என்று வரும் வாட்ஸ்அப் திட்டத்தில் பணம் போடாதீர்கள். ஊராட்சி வாங்கியது தன் பெயரில் உள்ள ஒரு இயந்திரத்தை. அதற்கு மீட்டர் உண்டு, வாங்குகிறவர் மின்வாரியம். ஈமு கோழியில் கொங்கு மண்டலமே பட்ட பாட்டை மறக்க வேண்டாம்.

கடைசியாக

நம்ம வடசென்னைக்கு கரன்ட் என்பது வெறும் பில் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து ஓடி, 2017-ல்தான் நின்றது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் இன்னும் நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பலை கொசஸ்தலை ஆறும், அங்கே மீன் பிடிக்கிறவர்களும் சுமக்கிறார்கள். நாம் குறைக்கும் யூனிட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு அர்த்தம் இருக்கிறது.

தம்பி கையெழுத்துப் போடவில்லை. மூன்று ஃபேனில் முதலில் ஒன்றை, அம்மா படுக்கும் ஹாலில் மாட்டியிருக்கிறார். ரிமோட்டை அம்மா யாரிடமும் தருவதில்லையாம். அடுத்த பில்லை எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். கடைசி ஆறு கரன்ட் பில்லை எடுத்து, ரூபாயைப் பார்க்காமல் யூனிட்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். 500-ஐ எத்தனை முறை தாண்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சோலார் வேண்டுமா, ஃபேன் போதுமா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.