மாலை கழற்றிய பிறகு

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர் ஒரு மண்டலம் முழுக்கக் குடியைத் தொடமாட்டார். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவரும் அப்படித்தான். கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் இதைப் பார்க்காத தெரு இருக்காது. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விடுபவர்களும் உண்டு. கேட்டால், "ஒரு மண்டலம் விட்டவனுக்கு எப்ப வேணா விடத் தெரியாதுங்களா? நானென்ன குடிகாரனா?" என்பார்கள்.

அவர் விட்டது உண்மைதான். ஆனால் அந்த நாட்களில் அவரைத் தாங்கியது வைராக்கியம் மட்டுமல்ல. குருசாமி இருந்தார், கூட மாலை போட்டவர்கள் இருந்தார்கள், சாயங்காலமானால் பஜனை இருந்தது. கூடக் குடித்தவர்களே 'சாமி' என்று தள்ளி நின்றார்கள். மாலையோடு அத்தனை துணையும் ஒரே நாளில் போய்விடுகிறது. குடிநோயிலிருந்து மீள்பவர்களின் கூட்டம் அந்தத் துணையைத்தான் தருகிறது, முடிவுத் தேதி இல்லாமல்.

முதலில் மருத்துவமனை

தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்கு இல்லாதது கண்ணுக்குத் தெரியும்; இருக்கும் இடமே மறந்து பிதற்றுவார்கள். 'காத்துக் கருப்பு' என்று மந்திரிக்கக் கூட்டிப்போனால் உயிரே போய்விடலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவைப் பாருங்கள். நடுக்கத்தை அடக்கவும், மூளையைக் காக்க பி1 சத்து ஏற்றவும் அங்கே வழி உண்டு.

'அவருக்கே தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம்' என்று விளம்பரம் செய்யும் பொடிகளை வாங்கவே வாங்காதீர்கள். டைசல்பிராம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது, அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகிவிடும்.

ஒரு போன் கால்

1935 மே மாதம். அமெரிக்காவில் டயர் ஆலைகள் நிறைந்த அக்ரான் நகரம். தொழிலில் தோற்று, கையில் காசில்லாமல் ஓர் ஓட்டலில் நின்றார் பில் வில்சன். குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் தொலைபேசி. பாருக்குப் போகாமல் தேவாலயங்களுக்குப் போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். யாரையும் திருத்த அல்ல, தான் குடிக்காமல் இருப்பதற்காக. அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்தவர் மணிக்கணக்கில் பேசினார். அவர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10-ஐத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. 1957-ல் இந்தியாவுக்கு வந்த இந்த 'ஏஏ' கூட்டங்கள் கோவையிலும் நடக்கின்றன.

பேசினால் போதை விடுமா என்று கேட்பது நியாயம். 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு அலசிய காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2020-ல் வந்தது. ஏஏ கூட்டங்களோடு இணைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பிறகு குடியைத் தொடாமல் இருந்தார்கள். மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம். எல்லாரையும் மீட்கும் மந்திரமில்லைதான். கட்டணமே இல்லாத ஒரு வழிக்கு இது சாதாரணப் பலனும் அல்ல.

உள்ளே போனால்

ஒரு பள்ளி வகுப்பறையாகவோ சர்ச் வளாகத்து அறையாகவோ இருக்கும். சர்ச் என்றதும் மதம் மாற்றுவார்களோ என்று வீட்டில் பயப்படுவார்கள். கூட்டத்துக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை. 'நம்மை மீறிய சக்தி' என்ற பேச்சு வரும். பெரியார் பிறந்த மண்ணில் அது சிலருக்கு உறுத்தும். அந்தச் சக்தி எது என்பதை அவரவர் முடிவுக்கே விடுகிறார்கள். அந்தக் கூட்டத்தையே அப்படி நினைப்பவர்களும் உண்டு. குடியை நிறுத்தும் ஆசை ஒன்றுதான் தகுதி.

பெயர் மட்டும் சொன்னால் போதும். ஊர், சாதி, வேலை யாரும் கேட்கமாட்டார்கள். "மூணு மாசம் தொடலைங்க. சம்பளத்தன்னிக்கு ஒரு கட்டிங் தானேன்னு போனேன்" என்று ஒருவர் சொன்னால் யாரும் புத்தி சொல்லமாட்டார்கள், அடுத்தவர் தன் கதையைச் சொல்வார். முதல் நாள் பேசாமலும் உட்காரலாம். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது என்பதுதான் கணக்கு. சில வாரம் போனபின், நிறுத்திப் பல வருடமான ஒருவரை 'ஸ்பான்சர்' ஆகக் கேட்டுக்கொள்ளலாம். திருப்பூர் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவருக்கு, அந்த நேரத்தில் கூப்பிட ஒரு நம்பர் இருப்பது பெரிய விஷயம். மறுபடி குடித்துவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்கு வரலாம்.

எங்கே நடக்கிறது என்று மருத்துவமனை ஆலோசகரிடம் கேளுங்கள். 14446 தேசிய போதை மீட்பு உதவி எண். மனநல உதவிக்கு 14416. இரண்டுக்கும் கட்டணமில்லை. முதல் கூட்டம் ஒத்துவராவிட்டால் வேறொரு குழுவைப் பாருங்கள்.

அவர் வரமாட்டேன் என்றால்

நீங்கள் போங்கள். குடும்பத்தாருக்கென்றே 'அல்-அனான்' 1951-ல் தொடங்கியது. திங்கட்கிழமை சூப்பர்வைசருக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சலுங்க" என்று சொல்வதும், கடை பாக்கியை நகை வைத்து அடைப்பதும் அன்பால் செய்வதுதான். ஆனால் குடியின் விளைவு அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அவர் குடிப்பதற்கு நீங்கள் காரணமில்லை என்பதை, அதே வலியைப் பட்ட இன்னொரு பெண்ணின் வாயிலிருந்து கேட்க வேண்டும்.

அடிதடி இருக்கும் வீடானால் கூட்டம் வரைக்கும் காத்திருக்காதீர்கள். 181 பெண்கள் உதவி எண்ணில் இரவிலும் எடுப்பார்கள்.