உலர்ந்த கௌபியும் ஒரு பிடி பச்சைக் காய்கறியும்

இடம்பெயரும் குடும்பத்தோடு அதன் தோட்டம் கூடச் செல்வதில்லை. 1995 இல் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குச் சென்றவர்களும், 2009 இல் வன்னியிலிருந்து முகாம்களுக்குச் சென்றவர்களும் இதை நன்கு அறிவார்கள். நிவாரணமாக அரிசி, மா, பருப்பு, சீனி என்பன கிடைத்தன. பச்சைக் காய்கறி அரிதாகவே கிடைத்தது. இத்தகைய உணவு வயிற்றை நிரப்பும். ஆனால் கர்ப்பிணித் தாய்மாருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இரத்தம் ஊற அது மட்டும் போதாது.

100 கிராம் உலர்ந்த கௌபியில் ஏறக்குறைய 23 கிராம் புரதம் உண்டு. அதே அளவு அரிசியில் 7 கிராம் அளவே உண்டு. கௌபியில் இரும்புச்சத்தும் இருக்கிறது. ஆயினும் பயறு வகைகளிலுள்ள இரும்பை உடல் இலகுவில் உறிஞ்சிக்கொள்வதில்லை. உயிர்ச்சத்து சி கூட இருந்தால் கூடுதலாக உறிஞ்சும். தேசிப்புளி, தக்காளி, பச்சை மிளகாய் ஆகியவற்றில் அந்த உயிர்ச்சத்து உண்டு. வேகவைத்தால் அதில் ஒரு பகுதி அழிந்துவிடும். ஆகவே, அவித்த கௌபியைத் தேங்காய்ப்பூவுடன் மட்டும் உண்ணாமல், பச்சைக் காய்கறி கலந்து சலாதாகவும் உண்போம்.

ஐந்து பேருக்குத் தேவையானவை

கௌபி 1 சுண்டு, தக்காளி 2, வெள்ளரிப்பிஞ்சு 1, சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 2, வல்லாரை ஒரு பிடி, தேசிக்காய் 1, உப்பும் மிளகுதூளும் அளவுக்கு. வெள்ளரி இல்லாவிடில் கரட் போதும். கௌபிக்குப் பதிலாகக் கடலையும் பாவிக்கலாம்.

செய்முறை

கல்லையும் வண்டு குத்தியவற்றையும் நீக்கி, கௌபியைக் கழுவி, மூன்று மடங்கு நீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். ஊறிய கௌபி விரைவில் அவியும், விறகு மிச்சமாகும். ஊறிய நீரை மிளகாய்க் கன்றுக்கு ஊற்றிவிட்டு, புதிய நீரில் அவியுங்கள். அவியும்போது தக்காளியோ தேசிப்புளியோ சேர்க்க வேண்டாம். புளி சேர்ந்தால் பயறு மெதுமையாகாது. பதமாக அவிந்ததும் உப்பிட்டு, நீரை வடித்து ஆறவிடுங்கள். வடித்த நீரைச் சொதிக்குப் பாவிக்கலாம்.

காய்கறிகளைச் சிறிதாக வெட்டி, வல்லாரையை மெல்லியதாக அரிந்து, ஆறிய கௌபியுடன் கலவுங்கள். உண்ணும் வேளையில் தேசிப்புளியும் மிளகுதூளும் சேருங்கள். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் இரும்புச்சத்து வீணாகும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள்.

கவனிக்க வேண்டியவை

பச்சையாக உண்ணும் காய்கறியில் அழுக்கு நீர் பட்டால் வயிற்றோட்டம் வரும். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கிணற்று நீரில் ஐயமிருந்தால் காய்கறியைக் கொதித்தாறிய நீரில் கழுவுங்கள். கலந்த சலாதை இரண்டு மணித்தியாலத்துக்குள் உண்டு முடியுங்கள். இரவுக்கு வைக்க வேண்டாம்.

பொதியில் பெரிய சிவப்புப் போஞ்சி விதை கிடைத்தால் கூடுதல் கவனம் தேவை. சரியாக அவியாத சில விதைகளே வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். அவற்றை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டு, பின்னர் மெதுமையாகும் வரை அவியுங்கள். மெல்லிய நெருப்பில் மட்டும் அவிப்பது ஆபத்தானது.

இறுதியாக ஒன்று. பிளந்த பருப்பு முளைக்காது. முழுக் கௌபி முளைக்கும். சமைக்க எடுக்கும்போதெல்லாம் நல்ல விதையில் ஒரு பிடியைக் காயவைத்துப் போத்தலில் இறுக மூடி வையுங்கள். பழைய உரப்பையில் ஒரு தக்காளிக் கன்றையும் ஒரு மிளகாய்க் கன்றையும் நடுங்கள். காணி திரும்பக் கிடைக்கும் நாளில் விதைக்கு யாரிடமும் கையேந்த வேண்டியிராது.