குண்டானவர் ஏறலாமா, கூடாதா? ரோலர் கோஸ்டரில் முடிவு சொல்வது "கிளிக்" சத்தம்!

"மன்னிக்கணும் சார், நீங்க இறங்கிடுங்க."

அமெரிக்காவின் பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் ரோலர் கோஸ்டர் ஊழியர்கள் யாரிடமாவது இப்படிச் சொல்லாத நாள் இருக்காது.

பாவம், அந்த மனிதர் ஒரு மணி நேரம் கியூவில் நின்றிருப்பார். டிக்கெட்டுக்குக் கொட்டிக் கொடுத்த பணம் வேறு! ஏறி உட்கார்ந்த பிறகு பார்த்தால், மடி மேல் இறங்க வேண்டிய கம்பி வயிற்றில் இடித்துக்கொண்டு நிற்கும். ஊழியர் இரண்டு தடவை அமுக்கிப் பார்ப்பார். ஊஹூம்! பூட்டாது. அத்தனை பேர் பார்க்க இறங்கி நடக்க வேண்டியதுதான்.

அவமானமாகத்தான் இருக்கும். ஆனால் இறக்கி விட வேண்டியவரை இறக்கி விடாததால் உயிரே போன கதைகள் உண்டு.

திருப்பி அனுப்பாத ராட்டினம்

புளோரிடா மாநிலம், ஆர்லாண்டோ நகரம். 2022-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி இரவு.

அங்கே ஐகான் பார்க் என்ற இடத்தில் 430 அடி உயரக் கோபுர ராட்டினம் ஒன்று இருந்தது. ரோலர் கோஸ்டர் மாதிரி தண்டவாளத்தில் ஓடாது. ஆட்களை உட்கார வைத்து உச்சிக்குத் தூக்கிப்போய், அங்கிருந்து பொத்தென்று கீழே விடும். தோளுக்கு மேலிருந்து மார்பில் இறங்கும் கவசம் ஒன்றுதான் பிடிமானம். பெல்ட் கிடையாது.

அதில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் ஏறினான். வயதுதான் 14. ஆள் ஆறடிக்கு மேல் உயரம். எடை 383 பவுண்டு என்று பிரேத பரிசோதனையில் தெரிந்தது. அதாவது சுமார் 174 கிலோ. 130 கிலோவுக்கு மேற்பட்டவர்களை ஏற்றக் கூடாது என்று ராட்டினத்தின் கையேட்டிலேயே எழுதி இருந்தது.

வேறு ராட்டினங்களில் அவனைப் பெரிய உடம்பு என்று ஏற்ற மறுத்தார்களாம். அவனுடைய தந்தையே பிறகு இதைச் சொன்னார். இந்த ஒரு ராட்டினத்தில் மட்டும் யாரும் தடுக்கவில்லை.

கீழே பாய்ந்து வந்த ராட்டினம் வேகம் குறைந்த நேரத்தில், கவசத்துக்கும் இருக்கைக்கும் நடுவே இருந்த சந்தில் சிறுவன் நழுவினான். கீழே விழுந்து பலியானான்.

சென்சாரில் கை வைத்தார்கள்!

விசாரணையில் வெளிவந்த விஷயம் எல்லோரையும் திடுக்கிட வைத்தது.

கவசம் போதிய அளவு கீழே இறங்கினால்தான் "எல்லாம் சரி" என்று விளக்கு எரியும். அதைக் கண்டுபிடித்துச் சொல்வது ஒரு சென்சார். சிறுவன் உட்கார்ந்த இருக்கையில் அந்தச் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தார்கள்! சந்து வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தாலும் விளக்கு எரிந்தது. உட்கார இடம் கிடைத்தது. பிடிமானம் போயிற்று.

நடத்தியவர்களுக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் விழுந்தது. 2023-ல் கோபுரத்தையே பிரித்துப் போட்டார்கள். அதே ஆண்டில் அந்தச் சிறுவன் பெயரால் மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. 100 அடிக்கு மேற்பட்ட இத்தகைய ராட்டினங்களில் கவசத்தோடு பெல்ட்டும் இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியம். ராட்டினத்தைத் தயாரித்த ஆஸ்திரியா கம்பெனி பெற்றோருக்கு 31 கோடி டாலர் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஜூரிகள் முடிவு கூறினார்கள்.

பணம் வரலாம். பிள்ளை வருவானா?

தராசு போதாது

"இத்தனை கிலோவுக்கு மேல் ஏறாதே என்று போர்டு மாட்டினால் தீர்ந்தது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்று கேட்கலாம்.

பல ரோலர் கோஸ்டர்களில் அது சரிப்படாது. அங்கே எடையைவிட உடம்பின் வாகுதான் முக்கியம். நூறு கிலோ நெட்டையர் சுகமாக உட்கார்ந்து விடுவார். அதே நூறு கிலோ குட்டையருக்கு வயிறு இடிக்கும். சிலருக்குத் தொடை இடிக்கும். தோள் கவசம் உள்ள வண்டியில், தொப்பையே இல்லாத பயில்வானுக்கும் மார்பு இடித்து இடம் இல்லாமல் போகும்!

ஒஹாயோ மாநிலத்தில் உள்ள சீடர் பாயிண்ட் பூங்கா தனது கையேட்டில் ஒரு கணக்குக் கொடுத்ததுண்டு. உயரம் 6 அடி 2 அங்குலம், எடை 225 பவுண்டு (சுமார் 102 கிலோ), இடுப்பு 40 அங்குலம், மார்பு 52 அங்குலம். இவற்றில் எதைத் தாண்டினாலும் சில ராட்டினங்களில் இடம் கிடைக்காமல் போகலாம். நாற்பது அங்குல இடுப்பு என்றால் மலை போன்ற ஆள் என்று அர்த்தம் இல்லை. ஊரில் நாலு பேரில் பார்க்கிற உடம்புதான்.

கம்பி எங்கே உட்கார வேண்டும்?

மடிக் கம்பி தொடையின் மேல், இடுப்பெலும்பை ஒட்டி அமர வேண்டும். மேட்டைத் தாண்டும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பப் பார்க்கும். அப்போது எலும்பைப் பிடித்த கம்பி விடாது. வயிற்றின் மேல் உட்கார்ந்த கம்பி? வயிறு அமுங்கும். சந்து விழும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2004-ம் ஆண்டு மே 1-ந் தேதி இதுதான் நடந்தது. "சூப்பர்மேன்" என்ற 200 அடிக்கு மேற்பட்ட ரோலர் கோஸ்டரில் இருந்து 55 வயதுக்காரர் ஒருவர் வீசி எறியப்பட்டு இறந்தார். வயிறு தடுத்ததால் கம்பி சரியாக இறங்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அவருடைய எடை 230 பவுண்டுதான். சுமார் 104 கிலோ.

விமானத்தில் கேட்டால் பெல்ட்டை நீட்ட ஒரு துண்டு தருவார்கள். இங்கே கெஞ்சினாலும் கிடைக்காது.

வாசலிலேயே சோதனை

இந்தச் சங்கடத்துக்குப் பூங்காக்கள் கண்டுபிடித்த வழி, மாதிரி இருக்கை. வண்டியில் இருப்பதைப் போலவே ஒன்றைக் கியூவின் வாசலில் போட்டு வைக்கிறார்கள். உட்கார்ந்து பூட்டிப் பார்த்துவிட்டு வரிசையில் நிற்கலாம். காத்திருந்து ஏமாற வேண்டாம்.

ஆர்லாண்டோ யுனிவர்சல் பூங்காவில் 2010 ஜூனில் ஹாரி பாட்டர் பகுதி திறந்தபோது, அதன் முக்கியமான சவாரியில் பருமனான பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரே முணுமுணுப்பு! சில மாதங்களில் ஓரத்து இருக்கைகள் சிலவற்றை மாற்றி அமைத்தார்கள். தயாரிக்கிறவன் மனசு வைத்தால், பெரிய உடம்புக்கும் பத்திரமான இடம் செய்ய முடியும். வேறு சில ரோலர் கோஸ்டர்களிலும் குறிப்பிட்ட வரிசையில் மட்டும் இரட்டை பெல்ட் போட்ட இருக்கைகள் உண்டு. ஊழியரைக் கேட்டால் காட்டுவார். கேட்க வெட்கப்படக் கூடாது.

அங்கே போகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும். "கிளிக்" என்று பூட்டவில்லையா? "கொஞ்சம் அழுத்துங்க, மூச்சைப் பிடிச்சுக்கிறேன்" என்று ஊழியரிடம் கெஞ்ச வேண்டாம். மூச்சை எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? வண்டி மேட்டில் ஏறும்போது விட்டுத்தானே ஆக வேண்டும்!