கல்லூரி வாசலில் நிற்கும் பசி

புழல், எண்ணூர், திருவொற்றியூர் முதலிய இடங்களிலிருந்து காலையில் பஸ்ஸேறி வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பிராட்வே கல்லூரிகளை நாடிவரும் முதலாண்டு மாணாக்கரில், காலை ஆகாரமின்றி வருவோர் பலர். ஒரு குவளை தேநீரும் இரண்டு பிஸ்கட்டுமே அவர்களுக்கு அமுது. இதனை நாகரிக மோகமென்று கண்டிப்போர் உளர். தகப்பனார் துறைமுகத்துக்கோ ஆலைக்கோ, தாயார் கூலி வேலைக்கோ பொழுது புலருமுன் புறப்படும் இல்லங்களில் அடுப்பு மூட்டுவது யார் என்பதை அவர்கள் யோசிப்பார்களாக.

1920-ம் வருஷத்தில், சர் பி. தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளையொன்றுக்கு நாள்தோறும் ஓரணாவுக்கு மேற்படாத செலவில் உணவளிக்கத் தீர்மானித்தது. 1956-ல் காமராஜரும், 1982-ல் எம்.ஜி.ஆரும் அத்தர்மத்தை விரிவாக்கினர். 2022-ல் ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கிற்று. ஆயினும் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அவ்வகுப்பில் தேறியவுடன் பசியும் தேறிவிட்டதா?

2019-21-ம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்தசோகை உடையோர். இரத்தம் குன்றினால் சோர்வு மிகும். பாடத்தில் மனம் பதியாது. உணவோடு பருகும் தேநீரோ, இரும்புச்சத்து உடலிற் சேர்வதையே தடுக்கும். பரிகாரம் அரியதன்று. முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, சுண்டல், காசிமேட்டு நெத்திலி, ஒரு நெல்லிக்கனி: யாவும் ஏழைக்கும் எட்டுபவை. அவற்றைச் சமைத்து வேளையில் பரிமாறும் கையே வேண்டும்.

2022 செப்டம்பரில் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில், அரசுப் பள்ளியிற் பயின்ற மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. நன்று. ஆனால் நாளொன்றுக்கு 33 ரூபாயாகும் அத்தொகையில் புத்தகமும் பங்கு கேட்கும், வீட்டுக் கடனும் பங்கு கேட்கும். கையிற் காசு கொடுப்பது வேறு. இலையிற் சோறிடுவது வேறு. அவ்வாண்டிலேயே பழனிக் கோயில், தன் கல்லூரி மாணாக்கருக்குக் காலைச் சிற்றுண்டி அளிக்கத் தொடங்கியது. பழனியில் இயன்றது, தியாகராயர் பெயர் தாங்கிய கல்லூரி விளங்கும் வண்ணாரப்பேட்டையில் இயலாதோ?

இதனைச் சர்க்காரிடமும் நகரசபையிடமும் கேட்டுப் பெறுவது பொதுநல ஊழியரின் கடமை. கேட்டது கிடைக்கும்வரை வாளாவிருத்தலும் தகாது. தெருமுனையில் கொடியேற்றும் அன்பர்கள், கல்லூரி வாசலில் ஓர் அடுப்பேற்றுவார்களாக. பசித்த வாலிபனிடம் தேசத்தொண்டு பற்றிப் பேசுவதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு?