உஷார்! நீந்தத் தெரிந்தவன் மூழ்கினால் வீட்டாருக்கு ஈசீஜி எடுங்கள்

ஆம், உயிரோடு இருக்கும் தாய் தகப்பனுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும்தான்.

திருகோணமலையில் பிள்ளை நடக்கப் பழகிய கையோடு கடலில் இறங்கிவிடும். உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, கொட்டியார்குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர் என்று எந்தக் கரையிலும் நீச்சலில் பேரெடுத்த பெடியன் ஒருவன் இருப்பான். அப்படிப்பட்டவன் அலையில்லாத தண்ணீரில், கையைக்கூடத் தூக்காமல் அமிழ்ந்துபோனால் சனம் என்ன சொல்லும்? "சுழி இழுத்திட்டுது." "சாப்பிட்ட கையோட இறங்கினவன்." "கடல் காவு கேட்டுட்டுது." திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், பிரேத பரிசோதனை நடக்கும், நீரில் மூழ்கி மரணம் என்று எழுதப்படும். பொய்யில்லை. ஆனால் மூழ்குமுன்பே அவன் மயங்கினானா என்று அந்தக் காகிதம் சொல்லாது. இதயத்தை வெட்டிப் பார்த்தாலும் பழுதில்லாமலே தெரியும்.

லோங் கியூடி என்கிற பரம்பரைக் கோளாறு அப்படிப்பட்டது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். சில குடும்பங்களில் அது தாமதிக்கும்; ஈசீஜியில் அந்த நேரத்தைக் காட்டும் இடைவெளிதான் கியூடி. ஓடும்போது, திடுக்கிடும்போது, குறிப்பாக நீந்தும்போது, அந்தத் தாமதத்துக்குள் துடிப்பு தாறுமாறாகிவிடும். தரையில் விழுந்தவன் பெரும்பாலும் தானே எழும்பிவிடுவான். தண்ணீரில் அந்தச் சில விநாடிகளே போதும். இத்தாலியில் பிறந்த குழந்தைகளைச் சோதித்தபோது ஏறக்குறைய 2,000 பேரில் ஒருவருக்கு இது இருந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி.

சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் எங்கள் வழக்கத்தால் இன்னொரு பயமும் உண்டு. 1957இல் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு வைத்தியர்கள் நோர்வேக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நால்வர் பிறவியிலேயே காது கேளாதவர்கள். மயங்கி மயங்கி விழுந்தார்கள். மூவர் சிறுவயதிலேயே செத்துப்போனார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் லோங் கியூடியின் இந்த வகை வரும். மச்சான் மச்சாள் கட்டிய வீட்டில் அந்தச் சேர்க்கைக்கு வாய்ப்புக் கூட. காது கேளாத பிள்ளை மயங்கி விழுந்தால் வலிப்பு என்று மருந்து எடுத்துக்கொண்டும், பேய்க்குப் பார்வை பார்த்துக்கொண்டும் இருந்துவிடாதீர்கள். முதலில் ஈசீஜி.

காது நன்றாகக் கேட்கும் பிள்ளைக்கும் இதே கதைதான். விளையாட்டுப் போட்டியில் ஓடும்போது, அலாரம் அடித்துத் திடுக்கிடும்போது மயங்குகிற பிள்ளை, வெயிலில் நின்று மயங்குகிற பிள்ளையைப் போல் அல்ல. வீட்டில் நாற்பதுக்குள் காரணம் தெரியாத திடீர்ச் சாவு ஒன்றும் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். கலியாணப் பேச்சு குழம்பும் என்று இதை மூடி மறைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அந்த வெட்கத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கண்டுபிடித்துவிட்டால் பலருக்கு ப்ரொப்ரனலோல் போன்ற பழைய, மலிவான குளிசையே பெரிய காவல். சிலருக்கு மட்டும் நெஞ்சுக்குள் கருவி வைக்கவேண்டி வரும். அதோடு சில மருந்துகள் கூடாது. சத்திக்குக் கொடுக்கும் டொம்பெரிடோன், கிருமிக்கொல்லிகளான எரித்ரோமைசின், அசித்ரோமைசின் எல்லாம் அந்தத் தாமதத்தை இன்னும் நீட்டக்கூடியவை. பார்மசியில் கேட்டு வாங்கும் பழக்கம் இந்த வீடுகளில் நிற்கவேண்டும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே நோயின் பெயரை எழுதி வையுங்கள்.

யாராவது விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை நெஞ்சின் நடுவில் பலமாக, வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். தண்ணீரிலிருந்து தூக்கியவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்கவேண்டும்.

ஈசீஜி எடுக்கப் போகும்போது "எங்கட வீட்டில இப்படி ஒரு சாவு நடந்தது, கியூடியை அளந்து பாருங்கோ டொக்டர்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மாரடைப்பு இல்லை என்று மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும். இந்தக் கோளாறு உள்ள சிலருக்கு முதல் ஈசீஜி நோர்மலாகவே வரும். ஆகவே இருதய வைத்திய நிபுணரிடம் காட்டும்படி கேளுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை மற்றப் பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள்.