மூளைக் கட்டிக்கு ரேடியேஷன்... கண்ணுக்கும் காதுக்கும் எவ்வளவு டோஸ் போகும்? டாக்டர்கள் ஒப்பிடுவது எப்படி?

மூளைக் கட்டிக்கு ரேடியேஷன் கொடுக்கணும் என்றதும் பலருக்கும் வரும் பயம், "பார்வைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்பதுதான். நியாயமான பயம். அதற்கான பதில், சிகிச்சை தொடங்கும் முன்பே கம்ப்யூட்டரில் போடப்படும் கணக்கில் இருக்கிறது.

கிளியோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் கட்டிக்கு வழக்கமான டோஸ் 60 கிரே. திசு உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகுதான் கிரே. தினம் 2 கிரே, வாரம் 5 நாள் என 6 வாரம் கொடுப்பார்கள்.

சிக்கல் இங்கேதான். இரு கண்களின் பார்வை நரம்புகளும் சந்திக்கும் இடத்துக்கும் மூளைத்தண்டுக்கும் பொதுவாக வைக்கப்படும் எல்லை சுமார் 54 கிரே. கட்டி பக்கத்திலேயே இருந்தால், சில மில்லிமீட்டருக்குள் டோஸ் இறங்கியாக வேண்டும்.

எல்லா உறுப்புக்கும் ஒரே கணக்கா?

இல்லை. பார்வை நரம்பு ஒரு ஒயர் மாதிரி. ஒரு இடத்தில் கெட்டாலும் கரன்ட் போகாது. அதனால் அங்கே பார்ப்பது அதிகபட்ச டோஸ். உட்செவிக்குப் பார்ப்பது சராசரி டோஸ். 45 கிரேக்குள் வைக்க முயல்வார்கள்.

கண் லென்ஸ் இன்னும் மென்மையானது. 10 கிரேக்குக் குறைவான டோஸிலேயே கண்புரை வரலாம். ஆனாலும் லென்ஸா, பார்வை நரம்பா என்று வந்தால் டாக்டர்கள் நரம்பைத்தான் காப்பாற்றுவார்கள். புரைக்கு ஆபரேஷன் இருக்கிறது, கருகிய நரம்புக்கு இல்லை.

எந்தத் தொழில்நுட்பம் நல்லது?

ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று பிளான் போட்டு ஒப்பிடுவதும் உண்டு. ஐஎம்ஆர்டி முறை, டோஸைக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப வளைக்கும். ஆனால் கதிர்கள் பல திசையிலிருந்து வருவதால், குறைந்த டோஸ் மூளையில் பரவலாக விழும்.

புரோட்டான் கதிர் குறிப்பிட்ட ஆழத்தில் நின்றுவிடும். மெடுல்லோபிளாஸ்டோமா கட்டி உள்ள குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு முழுக்கக் கதிர்வீச்சு தேவைப்படும்போது இது பெரிய லாபம். எக்ஸ்ரே கதிர் உடலைக் கடந்து இதயம், குடல் மீதும் படும். புரோட்டானில் அது பெருமளவு தவிர்க்கப்படும். இந்தியாவில் புற்றுநோய்க்கான முதல் புரோட்டான் மையம் 2019-ல் சென்னையில்தான் தொடங்கியது.

அதற்காக புரோட்டான் மந்திரக்கோல் இல்லை. கட்டி பார்வை நரம்பை ஒட்டியே இருந்தால், எந்தக் கதிரானாலும் நரம்புக்கு டோஸ் போகும். அப்போது கட்டியின் அந்த ஓரத்தில் மட்டும் டோஸைக் குறைப்பது உண்டு. அங்கே கட்டி மீண்டும் வளரும் ஆபத்தையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள்.

"பார்வை நரம்புக்கு எவ்வளவு கிரே, உட்செவிக்கு எவ்வளவு?" என்று குடும்பத்தினர் டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். பிட்யூட்டரி சுரப்பியையும் கேட்டுவிடுங்கள். அதன் பாதிப்பு பல வருடம் கழித்தும் தெரியலாம் என்பதால், ஹார்மோன் டெஸ்ட் தொடர வேண்டியிருக்கும்.