மருந்தடிக்கிறவர் கையில் இருக்க வேண்டிய தாள்

அக்டோபர், நவம்பர் மழை இறங்கிவிட்டால் கேரித் தீவிலும் காப்பாரிலும் செம்பனைக்கடியில் புல் மளமளவென்று ஏறிவிடும். மரத்தடி வட்டம் சுத்தமாக இல்லையென்றால் உதிர்ந்த பழம் புல்லுக்குள் போய் மறையும். அதனால் முதுகில் பம்பு தூக்கியவருக்கு ஓய்வில்லை. இது தோட்டத்து வேலை மட்டும் என்று நகரவாசிகள் நினைக்க வேண்டாம். கிள்ளானில் சாலையோரம், பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடியின் வேலியோரம் என்று எங்கே புல் கருகிக் கிடந்தாலும், குத்தகையாளர் அனுப்பிய யாரோ ஒருவர் அங்கே மருந்தடித்திருக்கலாம்.

இந்த மழைதான் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியாவில் நெடுங்காலம் வாழவைத்தது. அடித்து அரை மணியில் மழை கொட்டினாலும் அது புல்லைத் தீய்த்துவிடும். இன்னொரு களைக்கொல்லியான கிளைபோசேட் என்றால் பல மணி நேரம் மழை பெய்யாமல் இருக்க வேண்டும். நிர்வாகத்துக்கு இது லாபக் கணக்கு. தொழிலாளிக்கோ ஒரு மடக்கு உள்ளே போனால் உயிர் மிஞ்சுவது அரிது. முறிமருந்து கிடையாது, நுரையீரல் தழும்பேறி, நாள்கணக்கில் மூச்சுத் திணறித்தான் சாவு வரும். கை காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் அதன் வழியாகவும் உடம்பில் ஏறும். தோட்டங்களில் இதை அடித்தவர்களில் மிகப் பலர் தமிழ்ப் பெண்கள். நகம் நிறம் மாறி விழுவதும் மூக்கில் ரத்தம் வடிவதும் இந்த மருந்தின் அறியப்பட்ட பாதிப்புகள்.

ஐரீன் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு, இந்தப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக ஒழிப்பதாக அறிவித்தது. தோட்ட முதலாளிகளும் மருந்து நிறுவனங்களும் விடவில்லை. 2006இல் தடை தளர்ந்தது. கேரளம் 2011இலேயே தடுத்துவிட்ட மருந்துக்கு, மலேசியாவில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1 அன்று. பதினேழு ஆண்டுத் தாமதம். அந்தத் தாமதத்தைத் தங்கள் நுரையீரலால் சுமந்தவர்களின் பெயர்ப்பட்டியல் எந்த அலுவலகச் சுவரிலும் இல்லை.

இனிக் கவலையில்லை என்றும் சொல்வதற்கில்லை. பாராகுவாட் விட்டுப்போன இடத்தில் இன்று குளுபோசினேட்டும் கிளைபோசேட்டும் இருக்கின்றன. கருவளத்தைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்திய குளுபோசினேட்டுக்கு, அங்கே 2018இலேயே அனுமதி முடிந்துவிட்டது. குளுபோசினேட்டில் ஒரு வஞ்சகம் உண்டு. தவறிக் குடித்தவர் முதல் சில மணி நேரம் நன்றாகவே பேசிக்கொண்டிருப்பார். வலிப்பும் மூச்சுத் தடையும் பிறகுதான் வரும். "ஒண்ணும் ஆகலையே" என்று வீட்டிலேயே படுக்கவைத்துவிடக் கூடாது. மிச்ச மருந்தைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிச் சமையலறைப் பக்கம் வைக்கக் கூடாது என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

மருந்து பட்டால் துணியைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், 999ஐ அழையுங்கள். போத்தலின் சீட்டையோ அதன் படத்தையோ கையோடு கொண்டுபோங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கு ஆலோசனை சொல்லும். ஆனால் மருத்துவர் முதலில் கேட்பது "என்ன மருந்து?" என்பதைத்தான். "மண்டோர் கலந்து கொடுத்தாரு, தெரியல" என்ற பதிலில் சிகிச்சையும் தடுமாறும், பின்னால் இழப்பீடும் தடுமாறும்.

ஆகவே பெயரைக் கேட்பது உங்கள் உரிமை. 2000ஆம் ஆண்டின் அபாய இரசாயன விதிமுறைகளின்படி, முதலாளி ஆபத்தை மதிப்பிட்டு அதன் முடிவைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். பயிற்சியும் தர வேண்டும். தேவைப்படும் இடத்தில் மருத்துவக் கண்காணிப்புக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். கருவுற்ற பெண்ணையும் பாலூட்டும் தாயையும் அந்த வேலையிலிருந்து விலக்கிவைக்கவும் அவை இடம் தருகின்றன. திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தைவிட்டு நீங்கள் விலகலாம். அதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது. முதலாளிக்கான அபராத உச்சம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக ஏறியிருக்கிறது. கிழிந்த கையுறையும் துணி முகக்கவசமும் கொடுத்துச் சமாளிப்பவர்களுக்கு இதை நினைவூட்டலாம்.

பணம் பற்றிய பேச்சு சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில்தான் முடியும். வேலையில் நேர்ந்த பாதிப்பால் நான்கு நாளோ அதற்கு மேலோ எம்.சி. (மருத்துவ விடுப்பு) கிடைத்தால், கணக்கிடப்படும் தினசரி சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக முடமை உதவியாகக் கிடைக்கும். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் இதில் சேர்ந்துள்ளனர். விபத்தை 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். நடைமுறையில் பலர் தடுக்கி விழுவது கிளினிக்கில்: "தலைசுற்றல், வாந்தி" என்று மட்டும் எழுதி எம்.சி. வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மருந்தின் பெயர், அடித்த தேதி, எத்தனை மணி நேரம், எந்த இடம் ஆகியவற்றைச் சொல்லி மருத்துவக் குறிப்பில் எழுதவையுங்கள். சம்பளச் சீட்டையும் பாதுகாத்து வையுங்கள். குத்தகையாளர் சந்தா கட்டுகிறாரா என்பதை சொக்சோ அலுவலகத்தில் நீங்களே கேட்டறியலாம்.

சீட்டில் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இல்லாத போத்தலைக் கண்டால், அதைத் தொடாமல் வேளாண்மைத் துறையிடம் புகார் சொல்லுங்கள். 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவில்லாத மருந்தை விற்பது குற்றம். மாடு, ஆடு வளர்ப்பவர்கள் மருந்தடித்த நாளைத் தோட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, சீட்டில் சொன்ன இடைவெளி முடியும்வரை அந்தப் புல்லை அறுக்காமல் இருக்க வேண்டும். சொந்தமாகக் காய்கறி போடுகிறவர்களுக்கும் சொக்சோ பாதுகாப்புக்கு வழியிருக்கிறது: 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விவசாயத் துறையும் 2020 முதல் சேர்க்கப்பட்டுள்ளது, சந்தாவை அவர்களே கட்டிக்கொள்ளலாம்.